விட்டுப்போன ஓராண்டு



மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைச் செதுக்கிய சிற்பிகள், பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி வேலை செய்துவந்து, சிகரத்தையும் மாடங்களையும் முடித்தபின் அடித்தளத்தை எட்டும் தறுவாயில் உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். தர்மராஜ ரதத்தின் கீழ்ப்பகுதி இன்றும் நிறைவு பெறாமலே இருக்கிறது. ஆயினும் ரதம் சாயவில்லை. பூமியோடு ஒன்றிய ஒரே பாறைக்கு அஸ்திவாரம் எதற்கு? பிள்ளைகளின் கல்வியையும் அவ்விதமே மேலிருந்து தொடங்கலாம் என்று நம் தனியார் பள்ளிகளுள் பல நெடுங்காலம் எண்ணியிருந்ததைப் பற்றித்தான் இன்று தங்களோடு பேச விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978ஆம் ஆண்டில் வந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு என்பதே அதன் அமைப்பு. ஆனால் பொதுத் தேர்வு இரண்டாம் ஆண்டின் முடிவில் மட்டுமே இருந்தமையாலும், பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு அந்தத் தேர்வின் மதிப்பெண்ணே திறவுகோலாக இருந்தமையாலும், பிளஸ் ஒன் புத்தகத்தைப் பெயரளவுக்குப் புரட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டுகள் உருவேற்றும் வழக்கம் பரவிற்று. காலையில் ஒரு டெஸ்ட், மாலையில் ஒரு டெஸ்ட், அதற்குமேல் ரிவிஷன். எத்தனை பேர் சென்டம் என்று வாயிலில் பிளெக்ஸ் பலகை. செங்கற்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் எத்தனையோ பெற்றோர் கடன் வாங்கிப் பிள்ளைகளைத் தொலைதூர விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. மகன் டாக்டராகவோ இன்ஜினியராகவோ வந்துவிட வேண்டும் என்ற ஆசையைக் குற்றமாகக் கருத என்னால் இயலாது.

இதில் விளைந்த நஷ்டம் என்ன? மின்புலத்தைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பு பேசும். ஆனால் அதற்கு வேண்டிய வெக்டார் கணக்கு பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் மேல்வகுப்பில் வரும். எல்லை என்றால் என்ன, வகையீடு என்றால் என்ன என்ற ஆதாரக் கருத்துகள் கீழ்வகுப்பில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றவள், பொறியியல் முதலாண்டில் ஒரு நாள் என்னிடம், "ஐயா, விடை எனக்குத் தெரியும்; ஏன் அந்த விடை என்றுதான் தெரியாது" என்றாள். அதைக் கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

2017இல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அதன் வினாக்களோ இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வந்தன. அவ்வாண்டிலேயே தமிழக அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வை அறிவித்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. நோய்க்கேற்ற மருந்துதான். ஆனால் சில மாதங்களிலேயே, உயர்கல்விக்குப் பிளஸ் ஒன் மதிப்பெண் கணக்கில் வராது என்று அறிவித்தபோது மருந்தின் வீரியம் பாதி போயிற்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பரீட்சை எழுதும் பாரம் மட்டும் பிள்ளைகளின் தோளில் நின்றது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கிவிட்டது.

இவ்விடத்தில் அமெரிக்கச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. கல்லூரித் தரத்துப் பாடங்களைப் பள்ளியிலேயே படித்து, மே மாதத்தில் பொதுத் தேர்வு எழுதி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்புப் பெறும் ஏற்பாட்டை அங்கே காலேஜ் போர்டு என்னும் அமைப்பு 1955 முதல் நடத்திவருகிறது. அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்பது அதன் பெயர். வாஷிங்டன் வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் எட்டு, 2022க்குள் அப்பாடங்களை முற்றிலும் கைவிடுவதாக 2018 ஜூனில் கூட்டாக அறிவித்தன. ஆழ்ந்து ஆராயவும், தம் ஆசிரியர்களே வகுத்த பாடங்களை நடத்தவும் அவகாசம் வேண்டும் என்பது அவற்றின் வாதம். பெயர் பெற்ற செல்வப் பள்ளிகளுக்கு இது எளிது. புகழில்லாத பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குத் தன் திறமையை மெய்ப்பிக்கப் பொதுத் தேர்வு ஒன்றே ஊன்றுகோல் என்பதால், அவ்வழியை எல்லோரும் பின்பற்றலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் படிப்புக்காகப் பரீட்சையைக் கைவிட்டார்கள். நாமோ பரீட்சைக்காகப் படிப்பையே கைவிட்டோம். இந்த வேற்றுமை என் நெஞ்சை உறுத்துகிறது.

பதினொன்றாம் வகுப்பு இப்போது மறுபடியும் பரீட்சைக் கெடுபிடி இல்லாத ஆண்டாகியிருக்கிறது. ஆய்வகக் கதவைத் திறந்து வைக்கவும், ஒரு கணக்கை மூன்று வழிகளில் போட்டுப் பார்க்கவும், செங்கற்பட்டுக் கொளவாய் ஏரிக்கு மாணவரை அழைத்துச் சென்று தாவரவியல் சொல்லிக் கொடுக்கவும் இதைவிட உகந்த காலம் கிடையாது. பழைய வழக்கம் திரும்பாதிருக்க ஆய்வு அலுவலர்கள் வந்து பார்த்தல் வேண்டும். அதைக் காட்டிலும், பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், சென்டம் எத்தனை என்று கேட்கும் அதே வாயால், பிளஸ் ஒன் பாடத்தை எந்த மாதம் முடிப்பீர்கள் என்றும் கேட்டல் வேண்டும்.

விடை மட்டும் தெரியும் என்ற அந்தப் பெண், தான் முன்பு திறக்காமலே வைத்திருந்த பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தைத் தேடியெடுத்து, செங்கற்பட்டிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் தினமும் ஒரு பகுதியாகப் படித்து முடித்தாள். முடிக்க அவளுக்கு ஓராண்டு ஆயிற்று.