சைக்கிளும் பயமும்

(சங்கரன்கோவிலில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் சைக்கிளைப் பற்றிப் பேசப்போகிறோம். மேடை போட்டு, விளக்குப் போட்டு, ஒலிபெருக்கியும் வைத்து, சைக்கிளைப் பற்றியா பேசுவது என்று முன்வரிசையில் சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நமது வீட்டில் மூன்று மாத காலமாக இந்தச் சைக்கிள்தான் பெரிய சங்கதியாக இருந்தது. அதில் நாம் செய்த அயோக்கியத்தனம் ஒன்றையும் இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நமது தமக்கை மகளுக்கு வயது 10. ஐந்தாம் வகுப்பு முடிந்துவிட்டது. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்கு 4 கிலோ மீட்டர் போகவேண்டும். காலையில் ஒரு பஸ் உண்டு. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அடுத்த பஸ். அரசாங்கம் சைக்கிள் கொடுக்கத்தான் செய்கிறது; ஆனால் அது பதினோராம் வகுப்பில். அதுவரை ஐந்து வருஷம் என்ன செய்வது? பெண் குழந்தை இருட்டுகிற நேரத்தில் ரோட்டில் நிற்கக்கூடாது, ஆகவே படித்தது போதும் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. அதாவது, சைக்கிள் விடத் தெரிந்தால் படிப்பு, தெரியாவிட்டால் அடுப்பு. சங்கதி இவ்வளவுதான்.

பிள்ளைக்கோ சைக்கிள் என்றாலே பயம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? தாயின் வயிற்றிலிருந்தா? இல்லை. சைக்கிளைத் திண்ணையில் கொண்டுவந்து நிறுத்திய அன்றே ஆச்சி சொல்லிவிட்டாள்: "விழுந்து கை கால் ஒடிஞ்சா, நாளைக்கு எவன் கட்டுவான்?" பிள்ளைக்கு அதுவரை கை ஒடியும் என்ற நினைப்பே இல்லை. அண்டை வீட்டார் அடுத்த கைங்கரியத்தைச் செய்தார்கள். "உன்னைவிடச் சின்னப் பயல் குரங்குப் பெடல் போட்டுக்கிட்டுப் போறான், உனக்கு என்ன வந்துச்சு?" என்றார்கள். முதலில் பயத்தை ஊட்டினோம், பிறகு பயப்படுகிறாயே என்று வெட்கத்தையும் ஊட்டினோம். ஒரு சுமையோடு நின்ற பிள்ளைக்கு இரண்டு சுமை ஆயிற்று.

பிறகு நமது முறை வந்தது. நாம் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். "மாமா, பிடிச்சிருக்கியளா?" என்றாள். "பிடிச்சிருக்கேன் தாயி, நீ மிதி" என்றோம். மிதித்தாள். நாம் கையை எடுத்துவிட்டோம். மாமன்மார் எல்லோரும் செய்கிற தந்திரந்தானே! பத்துக் கெஜம் அழகாகப் போனாள். "மாமா, பிடிச்சிருக்கியளா?" என்று மறுபடி கேட்டாள். "பிடிச்சிருக்கேன்" என்று சொன்னோம். ஆனால் குரல் தூரத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தாள். தலை திரும்பிய பக்கம் ஹேண்டில்பாரும் திரும்பிற்று. சரளைக் கல்லில் விழுந்தாள்.

முழங்காலில் இரத்தம். அதற்கு அவள் அழவில்லை. நம்மை நிமிர்ந்து பார்த்து, "நீங்க பொய் சொல்லிட்டிய" என்றாள்.

தோழர்களே! ஊர் ஊராகப் போய், பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் நம்பாதே என்று பேசிவருகிறவர்கள் நாம். இருபது வருஷப் பிரசங்கம் அந்த ஒரு வார்த்தையில் கப்பலேறிவிட்டது. தைரியமுள்ள பிள்ளை என்றால் இந்தத் தந்திரம் பலித்துவிடும். அதுவும் சிரித்துக்கொண்டு ஓட்டிப் போய்விடும். பயந்த பிள்ளை ஒன்றே ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அது சைக்கிள் அல்ல, நமது வார்த்தை. அதையே நாம் உருவிவிட்டால் பிறகு எதை நம்பி ஏறும்?

இன்னொரு சங்கதி. வீட்டுக்குப் போனதும் ஆச்சி புற்று மண்ணைக் குழைத்துக்கொண்டு காயத்தில் பூச வந்துவிட்டாள். நாம் தடுத்தோம். "உங்க கட்சிக்கு மண்ணு கூட ஆகாதா?" என்று கேட்டாள். கட்சி வேறு, காயம் வேறு. மண்ணுக்குள்ளே ரண ஜன்னிக் கிருமியின் வித்து இருக்கிறது. கோயில் மண், குப்பை மண் என்ற பேதம் அந்தக் கிருமிக்குக் கிடையாது. காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தடுப்பூசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று ஆஸ்பத்திரியில் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாய்மார்கள் இதை மட்டும் தயவுசெய்து மறக்கக்கூடாது.

அதற்குப் பின் இரண்டு வாரம் பிள்ளை சைக்கிள் நிற்கிற பக்கமே வரவில்லை. நாம் உட்கார்ந்து யோசித்தோம். கொஞ்சம் படித்தும் பார்த்தோம்.

அமெரிக்காவில் 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் ஒரு பரீட்சை செய்தார். பீட்டர் என்று பெயர் வைத்து அவர் எழுதிய அந்தக் குழந்தைக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. முயலைக் கண்டால் பயம். அம்மையார் குழந்தையை அதட்டவில்லை, முயலைத் தூக்கி மடியில் போடவுமில்லை. கூண்டில் அடைத்து அறையின் கோடியில் வைத்தார். பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தைத் தின்னக் கொடுத்து, அது தாங்குகிற அளவுக்குக் கூண்டைக் கிட்டே கிட்டே கொண்டுவந்தார். முயலோடு விளையாடுகிற வேறு குழந்தைகளையும் பக்கத்தில் விட்டார். கடைசியில் அந்தப் பிள்ளை முயலைத் தடவிக் கொடுத்தது. மந்திரமில்லை, கயிறில்லை.

நமக்கு வழி தெரிந்துவிட்டது. 15ஆம் நம்பர் ஸ்பானரை எடுத்து இரண்டு பெடலையும் கழற்றினோம். (வலது பெடல் வழக்கம்போல் கழலும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம்; அது தெரியாமல் நாம் அரைமணி நேரம் முக்கியது வேறு கதை.) சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் முழுக்கப் படியும்படி வைத்தோம். உலகத்தின் முதல் இருசக்கர வண்டியே இப்படித்தான் இருந்தது. 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்து ஓட்டிய வண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உந்தித்தான் போனார். பெடல் வந்தது பல வருஷம் கழித்து.

"எப்ப வேணுமானாலும் காலை ஊனிக்கலாம், நான் தொடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டோம். அவள் வண்டியில் உட்கார்ந்தபடி நடந்தாள். முதலில் பிரேக் பிடித்து நிற்கப் பழகினாள். நிறுத்தத் தெரியாமல் ஓட்டத் துணிவது எப்படி? நாலாம் நாள், லேசான இறக்கத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உருண்டுவந்தாள். யாரும் சொல்லவில்லை, தானாகத் தூக்கினாள்.

பக்கத்தில் இரண்டு குட்டிச் சக்கரம் மாட்டிக் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். மாட்டலாம். மிதிக்கத் தெரியும், ஆனால் வண்டி சாயாதபடியால் சாய்வைச் சமாளிக்கத் தெரியாது. அதைக் கழற்றுகிற அன்றைக்கு மறுபடி முதல் பாடம்.

விழாமல் இருக்கும் இரகசியம் இதுதான்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். அப்போது சக்கரம் உடம்புக்கு அடியில் வந்துவிடும். பயந்த பிள்ளை கையை விறைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுக்கும், மிதிப்பதையும் நிறுத்தும். வேகம் குறையக் குறைய வண்டி ஆடும். ஆகவே பயந்து மெதுவாகப் போனால்தான் விழ நேரிடுகிறது.

ஆளில்லாமல் தள்ளிவிட்டாலும் வேகம் இருக்கும்வரை சைக்கிள் தானே விழாமல் ஓடுமல்லவா? சுழலும் சக்கரந்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2011-ல் ஹாலந்து, அமெரிக்கா தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சுழற்சியின் பலனை இல்லாமல் செய்து ஒரு வண்டி கட்டித் தள்ளிவிட்டார்கள். அதுவும் விழாமல் ஓடிற்று! காரணம் ஒன்றல்ல, பல என்று ஆயிற்று. இதற்காக அவர்கள் சைக்கிளுக்குள் ஒரு சாமி இருக்கிறது என்று எழுதிவிடவில்லை. நம்மூரில்தான் ஆயுத பூஜையன்று பொட்டு வைத்துவிடுகிறோம்.

பத்து வயதுப் பிள்ளை இருக்கட்டும், வயது வந்த பெண்கள் கற்கமாட்டார்கள் என்று யாரும் சொல்லவேண்டாம். புதுக்கோட்டை ஜில்லாவில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். கல் உடைக்கிறவர்களும் களை எடுக்கிறவர்களும் ஏறினார்கள். ரோட்டில் ஆண்கள் பேசாத கேலியில்லை. ஆனாலும் ஒருத்தி ஓட்டுவதைப் பார்த்து அடுத்தவள் ஏறினாள். பீட்டரின் பக்கத்தில் மற்றக் குழந்தைகள் விளையாடியது போலத்தான். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் அந்த இயக்கத்தில் சேர்ந்தார்கள் என்பது கணக்கு. பெண்கள் வண்டி போதாமல் பலர் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

நமது கதைக்கு வருவோம். மூன்றாம் வாரம் பெடலை மாட்டினோம். இந்தத் தடவை ஒப்பந்தம்: அவள் "விடுங்க" என்று சொன்னால்தான் விடுவது, சொன்னவுடன் விடுவது. பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கிறது. கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். "விடுங்க மாமா" என்றாள். எதிரே தூரத்தில் ஒரு டிராக்டர். நமது கை விடவில்லை. "விடுங்கன்னு சொல்லுதேன்லா!" என்று கத்தினாள். விட்டோம். நமக்குக் கால் நடுங்கிற்று. அவள் திரும்பிப் பார்க்காமல், டிராக்டருக்கு ஒதுங்கி, மணியையும் அடித்துவிட்டுப் போனாள்.

இப்போது அவள் ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். அந்தத் தெருவில் இன்னும் மூன்று பெண் குழந்தைகள் கற்க வேண்டும் என்கிறார்கள். இந்தக் கூட்டத்திலும் அப்படிப் பிள்ளை உள்ளவர்கள் இருக்கலாம். ஸ்பானர் நம்மிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன் பிள்ளையையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆச்சிமார்களும் வரலாம், மண் மட்டும் வேண்டாம்.