தொலைந்த நகையும் பழைய ஏடும்



ரஷ்ய அரசி காதரீனின் செங்கோலிலுள்ள வைரம், திருவரங்கத்துப் பெருமாளின் கண்ணாயிருந்தது என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். 1770-களில் ஆர்லோவ் பிரபு அதைக் கொடுத்தது மெய். அதற்கு முந்தியது செவிவழிக் கதையே. எழுத்தில்லாத நகைக்கு உரிமை நாட்டுவது கடினம்.

எழுத்திருந்தால் வழியுண்டு. நாஜி முகாம்களில் கைதிகளிடம் பறித்த மோதிரங்களையும் கடிகாரங்களையும் ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகம், 2016 முதல் உறவினரைத் தேடித் தீவிரமாகத் திருப்பிக் கொடுத்து வருகிறது.

நம் கோயில் அலமாரியிலும் கண்டெடுத்த திருமண மோதிரம் ஒன்று கிடக்கிறது. உள்புறம் இரண்டு எழுத்தும் ஒரு தேதியும் உண்டு. தேதியைக் கொண்டு விவாகப் பதிவேட்டில் மணமக்கள், பெற்றோர், சாட்சிகள் பெயரைக் காணலாம். அதோடு, 1908 முதல், ஒருவர் எங்கே மணமுடித்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் ஏட்டில் அதைக் குறிக்க வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். ரங்கூனுக்குப் போன பெண்ணின் தடமும் திருச்சி ஏட்டோரத்தில் கிடைக்கலாம். (குறிக்க மறந்த சாமிமாரும் உண்டு!) ரயில்வே பணிமனை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்ததால், பொன்மலைக் குடும்பங்களை நாகையிலும் தேட வேண்டும்.

நம்மவரில் அந்தோணியும் சவரிமுத்தும் வீட்டுக்கு வீடு. ஆகவே ஞானத்தாய் தந்தையர் பெயரையும் ஒத்துப் பார்ப்போம். தவறான வீட்டில் கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்க நமக்கு வாய் வராது. உரிமை கோரி வருகிறவர்களுக்கு மோதிரத்தைக் காட்டுமுன், உள்ளே என்ன எழுத்து என்று அவர்களையே சொல்லச் சொல்வோம்.