ஆசிரியரின் மாலை நேரம்



ஆசிரியர்களைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் வகுப்பறையைப் பற்றியே பேசுவர். கரும்பலகை, பாடநூல், தேர்வு, ஊதியம் என்று அப்பேச்சு ஒரு வட்டத்துக்குள்ளேயே சுழலும். பள்ளி மணி அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிய பிறகு ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கேட்பார் அரியர். இன்று நாங்கள் அதனைப் பற்றியே சொல்ல விழைகிறோம். ஆசிரியர் உண்ட சிற்றுண்டியும் அவர் கண்ட படக்காட்சியும் வானொலியில் பேசத் தக்க பொருளா என்று நீங்கள் வினவலாம். தாய்மொழி வழங்கும் மாநிலத்துக்கு வெளியே வாழும் நம்மைப் போன்றவர்களுக்கு அது பேசத் தக்க பொருளே. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறோம்.

நாங்கள் ஆசிரியப் பணி புரிந்த ஊர் காளஹஸ்தி. தேவாரம் பாடிய மூவரும் திருக்காளத்தி என்று போற்றிய தலம். ஐம்பூதத் தலங்களுள் காற்றுக்கு உரியது. பொன்முகலி என்று நம் முன்னோர் அழைத்த சுவர்ணமுகி ஆறு ஒரு பக்கம், கண்ணப்பர் மலை மறுபக்கம், இடையே கோயில். நாங்கள் பணியாற்றிய நாளில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவுதான். ஆயினும் மொழியால் அது வேற்று மாநிலம். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. எங்களுள் சிலர் வேலூர், அரக்கோணம் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி வந்தவர்கள். வேறு சிலர் நகரி, புத்தூர்ப் பக்கத்துக் குடும்பத்தினர். அவர்கள் வீட்டை விட்டு ஓர் அடியும் எடுத்து வைக்காமலே வேற்று மாநிலத்தார் ஆனவர்கள்.

நாங்கள் பணியில் சேர்ந்தது 1970-களில். கணக்கும் விஞ்ஞானமும் கற்பித்தவர்கள் தெலுங்கிலேயே கற்பிக்க வேண்டியிருந்தது. பயிற்சிப் பள்ளியில் கற்ற தெலுங்கு பாடநூலைப் படித்துக் காட்டப் போதுமாயிருந்தது. ஒரு பிள்ளை ஏன் அழுகிறது என்று கேட்டறிய அது போதவில்லை. மற்றொரு பக்கம், எங்கள் சொந்தப் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்றுத் தமிழை மெல்ல மெல்லச் சமையலறைக்குள் விட்டுவந்தார்கள். சோறு, குழம்பு, தண்ணீர், தூக்கம் ஆகியவற்றுக்கு மட்டுமே தமிழ் என்ற நிலை வந்தது. பிறருடைய மொழி எங்களுக்குப் போதிய அளவு வரவில்லை. எங்களுடைய மொழியோ பிள்ளைகளிடம் தங்கவில்லை. இவ்விரண்டு குறைகளையும் நீக்குவதற்கு எங்களிடம் இருந்த நேரம், பள்ளி விட்ட பிறகு கிடைத்த மாலைப்பொழுது ஒன்றே.

அந்த மாலைப்பொழுதுக்கு விலையும் இருந்தது. நான்கு பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார்த்தி டியூஷன் சொல்லிக் கொடுத்தால் வீட்டு வாடகைக்கு ஆகும். எட்டுப் பிள்ளைகள் வந்தால் பால் கணக்கும் தீர்ந்துவிடும். ஆசிரியர் ஊதியம் அறிந்தவர் எவரும் இதனைப் பழிக்க மாட்டார். எங்களுள்ளும் இது குறித்து வாக்குவாதம் நிகழ்ந்தது. "ஓய்வு என்பது வசதி படைத்தவர்களுக்கு உரியது, நமக்கு ஏது?" என்று ஒருவர் கேட்டார். "நாள் முழுதும் கொடுத்துக்கொண்டே இருப்பவன் எப்போது நிரப்பிக்கொள்வது?" என்று மற்றொருவர் கேட்டார். முடிவில், வாரத்தில் மூன்று மாலை டியூஷனுக்கு, மற்றவை எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று வகுத்துக்கொண்டோம். அதனால் வருவாய் குறைந்தது. மாதக் கடைசியில் கைம்மாற்று வாங்கிய வீடுகளும் உண்டு.

அந்த மாலைகளை எவ்வாறு செலவிட்டோம்? முதலாவது, நடை. கோடையில் சுவர்ணமுகி பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். வெயில் தாழ்ந்ததும் அம்மணலில் ஆசிரியர்கள் ஒரு வட்டமாகவும், பிள்ளைகள் வேறொரு வட்டமாகவும் அமர்வோம். அங்கே அடிக்கடி எழுந்த பேச்சு கண்ணப்பரைப் பற்றியது. சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் திண்ணன் என்று பாடிய வேடனை, கிருஷ்ணதேவராயர் காலத்துத் தெலுங்குக் கவிஞர் தூர்ஜடி தின்னடு என்று பாடினார். தூர்ஜடிக்குக் காளஹஸ்தியே சொந்த ஊர். தமிழாசிரியர் ஒரு பகுதியைச் சொல்ல, தெலுங்குப் பண்டிதர் அதே பகுதியைத் தம் நூலிலிருந்து சொல்வார். இறைச்சியைத் தான் சுவைத்துப் பார்த்து நல்லதை இறைவனுக்கு ஊட்டிய அந்த வேடனைப் பற்றி இரு மொழியிலும் கேட்ட பிள்ளைகள், எந்த மொழி உயர்ந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிறகு என்ன நடந்தது என்றே கேட்டார்கள்.

சில மாலைகளில் கலம்காரி வரைவோரின் வீட்டுத் திண்ணைக்குச் செல்வோம். மூங்கிற் குச்சியின் நுனியைச் சீவி, கம்பளி நூல் சுற்றி, அதையே எழுதுகோலாகக் கொண்டு துணியில் இராமாயணம் தீட்டுவார்கள். கடுக்காயும் பாலும் தோய்த்துக் காய வைத்த துணி அது. வெல்லம் கரைத்த நீரில் துருப்பிடித்த இரும்பைப் பல நாள் ஊறவிட்டு எடுத்த சாற்றால் கோடு இழுத்தால், கடுக்காயின் துவர்ப்போடு அது கலந்து கன்னங்கரேலென்று நிறம் பிடிக்கும். எங்கள் விஞ்ஞான ஆசிரியர் அந்தச் சாற்றில் ஒரு புட்டி வாங்கி வந்து வகுப்பில் செய்து காட்டினார். பாடநூலில் இருந்த எந்தச் சோதனையையும் விட அது பிள்ளைகளுக்கு நன்கு விளங்கிற்று.

இரண்டாவது, சிற்றுண்டி. சம்பளம் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது. ஆசிரியைகளுக்கு மற்ற நாள்களில் பள்ளி விட்டதும் சமையல் காத்திருக்கும். எங்கள் மணல்வெளிப் பேச்சில் பாதிக்குத்தான் அவர்கள் வர முடிந்தது. ஆகவே அந்த ஒரு மாலை அவர்களுக்காகவே ஏற்பட்டது. குடும்பத்தோடு கடைத்தெருவுக்குச் செல்வோம். மிளகாய் விழுது தடவிய கார தோசை, கெட்டியான வேர்க்கடலைச் சட்னி, அதன்பின் காப்பி. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் முதல் வாயிலேயே கண் கலங்குவார். மூன்றாம் மாதம் அவரே இன்னொரு கரண்டி விழுது கேட்பார். சில நாளில் உடன் பணியாற்றிய தெலுங்கு ஆசிரியரின் வீட்டில் சங்கடி உண்போம். கேழ்வரகுக் களிக்கு அங்கே அப்பெயர். புளிச்சக்கீரைக் கடையலைக் குழியில் ஊற்றிக் களியை உருட்டி விழுங்கும்போது, இது நம் பாட்டி கிளறிய களியே என்று எங்களுள் ஒருவராவது சொல்லாமல் இருந்ததில்லை.

அந்த இலையில்தான் நாங்கள் தெலுங்கு கற்றோம். அவர்கள் சாரு என்றால் நம் ரசம். புலுசு என்றால் நம் புளிக்குழம்பு. புளியும் புலுசும் உறவுச் சொற்கள் என்பதை ஒரு பத்து வயதுச் சிறுமி தானாகவே கண்டு சொன்னாள். அன்றிலிருந்து அது பிள்ளைகளுக்கு விளையாட்டாயிற்று. வீட்டுக்குத் தெலுங்கில் இல்லு, பழந்தமிழில் இல். சொல்லுதலுக்கு அங்கே செப்பு. நம் இலக்கியத்திலும் செப்பு. மழைக்கு வான, நம்முடையது வான். இவ்விளையாட்டில் வெல்வதற்காகவே பிள்ளைகள் வீட்டில் இருந்த பழைய தமிழ் நூல்களைப் புரட்டினார்கள். நாங்கள் பிரம்பெடுத்துச் செய்திருந்தாலும் அது நடந்திராது.

மூன்றாவது, படக்காட்சி. அக்காலத்துக் கொட்டகையில் படம் தொடங்குமுன் இசைத்தட்டு ஒலிக்கும். தமிழ்நாட்டில் பல கொட்டகைகளில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டு ஒலித்ததென்றால், ஆந்திரத்தில் கண்டசாலா பாடிய வேங்கடேசர் பாட்டு ஒலிக்கும். அது ஒலித்தால் நடையை எட்டிப்போட வேண்டும். தரை டிக்கெட்டுக்கு அங்கே நேல என்று பெயர். நேல என்பதும் நிலம் என்பதும் ஒன்றே என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மணலைக் குவித்து உட்கார்ந்த நாள்கள் பல.

பழைய படங்கள் மறுபடியும் மறுபடியும் திரையிடப்பட்ட காலம் அது. 1957-ஆம் ஆண்டு தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த மாயாபஜாரைத் தமிழில் முன்பே கண்டிருந்த நாங்கள், காளஹஸ்தியில் தெலுங்கில் கண்டோம். கடோத்கசனாகத் தோன்றிய எஸ். வி. ரங்காராவ் கல்யாண விருந்தைத் தனியொருவராகத் தின்று தீர்க்கும் காட்சியில், தமிழுக்குத் திருச்சி லோகநாதன் குரல், தெலுங்குக்கு மாதவபெத்தி சத்யம் குரல். சிரிப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றே. 1955-ஆம் ஆண்டின் மிஸ்ஸியம்மா எங்களுக்கு மிகவும் வேண்டிய படம். ஆசிரியர் வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இருவர் கணவன் மனைவியாக நடிக்கும் கதை அல்லவா? வேலை தேடி அலைந்த எங்களுக்கு அதன் நகைச்சுவைக்குள் இருந்த வயிற்றுப்பாடும் தெரிந்தது.

1976-ஆம் ஆண்டு பாபு இயக்கத்தில் கிருஷ்ணம்ராஜு நடித்த பக்த கண்ணப்பா வெளிவந்தது. கண்ணப்பரின் ஊரிலேயே அமர்ந்து அப்படத்தைக் கண்டது தனி அனுபவம். எங்களோடு ஒரு முதிய அம்மையார் வந்திருந்தார். அவருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. அவருடைய பேரன் பக்கத்தில் அமர்ந்து, திரையில் பேசும் ஒவ்வொரு தெலுங்குப் பேச்சையும் தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பள்ளியில் தமிழே இல்லாத பிள்ளை அவன். அம்பினால் கண்ணை அகழும் இடம் வந்ததும் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். அம்மையார், "எனக்குத் தெரியும்டா, நீ பாரு" என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து கைகூப்பினார்கள். அச்சிறுவனுக்குத் தமிழ் தங்கியது எப்படி என்று யாரேனும் கேட்டால், அந்தக் கொட்டகையையே நாங்கள் சுட்டுவோம். பாட்டிக்குச் சொல்ல வேண்டும் என்ற தேவை அவனுக்கு இருந்தது. அதற்கு நேரமும் இருந்தது.

பின்னர் 1978-ஆம் ஆண்டு கே. பாலசந்தர் தெலுங்கில் எடுத்த மரோசரித்ரா, தமிழ் இளைஞனும் தெலுங்குப் பெண்ணும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்து காதலித்துத் துன்புறும் கதை. அது மொழிமாற்றம் இன்றியே சென்னையில் ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. 1980-ஆம் ஆண்டு வெளிவந்த கே. விசுவநாத்தின் சங்கராபரணமும் தெலுங்காகவே தமிழ்நாட்டாரால் போற்றப்பட்டது. எல்லை பற்றிய வழக்கில் ஊர்கள் இப்பக்கமும் அப்பக்கமும் பிரிந்தன. பாட்டும் கதையும் அவ்வாறு பிரியவில்லை என்பதை எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

நேயர்களே, அந்த நாள்கள் அப்படியே திரும்பி வரமாட்டா. கிருஷ்ணதேவராயர் 1516-ஆம் ஆண்டு எழுப்பிய ஏழு நிலைக் கோபுரம், எங்கள் மாலை நடைக்கெல்லாம் அடையாளமாய் நின்றது, 2010-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் சரிந்து விழுந்தது. அதே இடத்தில் புதிய கோபுரம் எழுந்து, 2017-ஆம் ஆண்டு குடமுழுக்கும் கண்டது. பழைய கல் திரும்பவில்லை, கோபுரம் திரும்பியது. ஓய்வு நேரத்தைப் பற்றியும் எங்கள் எண்ணம் இதுவே. மணல்வெளிக்கும் தரை டிக்கெட்டுக்கும் பதிலாக இன்று தொலைக்காட்சியும் கைப்பேசியும் வந்திருக்கலாம். பிள்ளையும் பாட்டியும் ஒன்றைச் சேர்ந்து பார்த்து, அதனைப் பற்றித் தமிழில் பேசிக்கொள்ளும் ஒரு மணி நேரத்தை எந்தக் கருவியோடும் அமைத்துக்கொள்ள இயலும்.

பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்கள், பிள்ளைக்குத் தமிழ் வரவில்லையே என்று வருந்துவதை நாங்கள் கேட்கிறோம். அதற்கு வார வகுப்பு ஒன்றை ஏற்படுத்துகிறார்கள், நல்லதுதான். ஆனால் அப்பிள்ளையின் மாலைப்பொழுது முழுவதையும் டியூஷனுக்கும் தேர்வுக்கும் விற்றுவிட்ட பிறகு, கற்ற தமிழை அது எங்கே வழங்கும்? வாரத்தில் இரண்டு மாலையையேனும் விற்காமல் வைத்திருங்கள். அக்கம்பக்கத்தாருடைய மொழியில் ஒரு படம் பாருங்கள். அவர்கள் உணவை அவர்கள் வீட்டில் உண்ணுங்கள். வீடு திரும்பும் வழியில் அதைப் பற்றித் தமிழில் பேசுங்கள். செலவு சிறிது ஆகும். வருவாயும் சிறிது குறையும். எங்களுக்கும் குறைந்தது. அன்று மணலில் விளையாடிய பிள்ளைகள் இன்று பல ஊர்களிலிருந்து எங்களுக்குத் தமிழில் கடிதம் எழுதுகிறார்கள். தெலுங்கு நண்பர்களுக்குத் தெலுங்கில் எழுதுகிறார்கள். நாங்கள் சேர்த்த செல்வம் அவ்வளவே. அதில் எங்களுக்கு மனநிறைவு உண்டு.