முன்பனிக்கு வரும் விருந்தினர்



கடல் கடந்து வாழும் உறவினரை உடைய ஊர் நம் காரைக்குடி. நவம்பர் நடுவில் சிங்கப்பூரில் பள்ளிகள் விடுமுறை விட்டதும், "பிள்ளைகளுக்குக் குளிரைக் காட்ட வேண்டும், எங்கே அழைத்துச் செல்லலாம்?" என்று அங்குள்ளோர் கேட்கிறார்கள். நாமும் சற்றும் எண்ணாமல் 'உதகை' என்று விடை சொல்லிவிடுகிறோம். அந்த விடையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு. அங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 பாகைதான். அது 1989 பிப்ரவரியில். ஆண்டு முழுதும் விசிறி சுழலும் வீட்டில் வளர்ந்த பிள்ளையை, உறைபனி படியும் புல்வெளியில் திடீரென நிறுத்தினால், அது நடுக்கத்தை அறியுமே அன்றிப் பருவத்தை அறியாது. உடன்வரும் முதியவர் பாடு சொல்லவே வேண்டாம். ஆண்டிறுதியில் மலைப்பாதை நெரிசலில் விடுப்பின் பாதி கழிந்துவிடும். பிறந்த வீடோ ஓரிரவு தங்கும் சத்திரமாகிவிடும்.

நக்கீரரின் நெடுநல்வாடையை எண்ணிப் பாருங்கள். அது பாடுவது கூதிரை. எனினும் குளிர் ஒரு மாளிகைக்குள் நுழையும் விதத்தை அதைப்போல் காட்டிய நூல் வேறில்லை. அங்கே விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கும். அதில் சிலந்தி நூல் இழைத்திருக்கும். விசிறி ஓய்ந்த வீட்டைக் கண்டறியாத பிள்ளைக்கு அவ்வரியின் சுவையை எந்த உரையாசிரியர் ஊட்டுவார்? மார்கழி வைகறையில் நம் வளவில் படுத்தெழுந்தால் போதும். திறந்த முற்றத்தின் வழியே பனி இறங்கும்; தூண்கள் கைக்குச் சில்லிடும்; யாரும் சொல்லாமலே விசிறியை நிறுத்துவார்கள்.

திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள் பிள்ளையார் நோன்பு. இழைத்திரியைச் சுடரோடு வாயிலிடும் அந்நோன்பைச் சிங்கப்பூரிலும் நகரத்தார் கொண்டாடுகிறார்கள். ஆனால் அங்கே அதற்கு மார்கழிக் குளிர் துணையில்லை.

ஆகவே நவம்பரில் வரச் சொல்லாதீர்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். டிசம்பர் நடுவுக்குப் பின் வரட்டும். முதலில் ஐந்தாறு நாள் இங்கே தங்கி உடல் பழகட்டும். அதன் பின்னும் மலை வேண்டுமென்றால் மதுரை வழியே கொடைக்கானல் சென்று இரண்டு இரவு தங்கி வரலாம். கம்பளிகளை அங்கிருந்து சுமந்து வரவேண்டாம் என்று எழுதிவிடுங்கள். நம் பெட்டகத்தில் இருப்பவற்றை வெயிலில் உலர்த்தி வைத்தால் போதும்.