கண் தெரியாத பூனைக்கு ஒரு வீடு

(கற்போர் கூட்டம் ஒன்றில் விலங்குக் காப்பக ஊழியர் ஒருவர் பேசியது)

 

"பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு விடுமா?" என்று நாம் சொல்வது உண்டு. இன்று நான் உண்மையிலேயே கண் தெரியாத பூனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கும் உலகம் இருண்டு போவதில்லை.

நம் நாட்டில் பல ஊர்களில் விலங்குக் காப்பகங்கள் உள்ளன. டெல்லியில் உள்ள சஞ்சய் காந்தி விலங்குக் காப்பகம் 1980-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அடிபட்ட பிராணிகள், நோய் வந்த பிராணிகள், தெருவில் விடப்பட்ட பிராணிகள் காப்பகங்களுக்கு வருகின்றன. குணமானதும் அவற்றை வளர்க்க விரும்புகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். இதைத் தத்துக் கொடுப்பது என்கிறோம்.

வருகிறவர்கள் துள்ளி விளையாடும் குட்டியைத்தான் கேட்பார்கள். கண் தெரியாத குட்டியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பார்கள். ஆனால் எடுக்க மாட்டார்கள். சிலர் அதை அபசகுனம் என்றும் சொல்வார்கள்.

அது சகுனம் அல்ல. நோய். பூனைக்குட்டிகளுக்குச் சளி நோய் வரும். அந்தக் கிருமி கண்ணையும் தாக்கும். கண் சிவக்கும், பீளை கட்டும், இமை ஒட்டிக்கொள்ளும். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டினால் பல குட்டிகளின் பார்வையைக் காப்பாற்றலாம். நமக்காக வாங்கிய சொட்டு மருந்தை அதன் கண்ணில் விடக் கூடாது. சில மருந்துகள் கண்ணில் உள்ள புண்ணைப் பெரிதாக்கிவிடும்.

சரி, பார்வை போய்விட்டது. அந்தப் பூனை எப்படி வாழும்?

காதால் வாழும். மூக்கால் வாழும். மீசையால் வாழும். பூனையின் மீசை வெறும் முடி அல்ல. அதன் வேரில் நரம்புகள் இருக்கின்றன. தலை சுவரில் இடிக்கும் முன் மீசை அதைத் தொட்டுச் சொல்லிவிடும். இப்படியே நடந்து நடந்து வீடு முழுவதையும் பூனை மனத்தில் பதித்துக்கொள்ளும்.

நாம் செய்ய வேண்டியவை சிலவே.

முதல் சில நாட்கள் ஒரே அறையில் வையுங்கள். சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர், மண் தொட்டி மூன்றையும் வைத்த இடத்திலேயே வையுங்கள். பெட்டி, நாற்காலியை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். தொடும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திடீரென்று தொட்டால் பயந்து பிறாண்டும்.

வெறும் பாலும் சோறும் போதாது. பூனைக்கு மீனோ இறைச்சியோ அவசியம் வேண்டும். பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். எந்தப் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது ஒரு முக்கியமான கேள்வி. எல்லோரும் கண் தெரியாத பூனையை எடுக்கலாமா?

கூடாது. அதைத் தெருவில் விட முடியாது. நாய் வருவதும் வண்டி வருவதும் அதன் கண்ணுக்குத் தெரியாது. மூடாத கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, தரையில் எரியும் அடுப்பு, எல்லாமே அதற்கு ஆபத்து. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். நல்ல கவனிப்பு இருந்தால் பூனை 12, 15 ஆண்டுகள்கூட வாழும். அத்தனை ஆண்டும் சோறும் மருத்துவச் செலவும் நம்முடையவை. முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். அதில் குற்றம் இல்லை.

எடுத்துவிட்டு நடுவில் கைவிடுவதுதான் குற்றம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணம் இல்லாமல் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். பழகிய வீட்டில் கண் தெரியாத பூனைக்கு வழி தெரியும். தெருவில் விட்டால் ஒன்றும் தெரியாது. அப்போதுதான் அது உண்மையில் குருடாகிறது.

இரக்கம் மட்டும் இருந்தால் போதாது. இடம் இருக்க வேண்டும், பொறுமை இருக்க வேண்டும், வீட்டில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். இவை மூன்றும் உங்களிடம் இருந்தால், காப்பகத்துக்குப் போகும்போது மூலையில் இருக்கும் அந்தக் குட்டியையும் ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள்.

எடுப்பது என்று முடிவு செய்தால் ஒரு படிவத்தைக் கொடுப்பார்கள். தடுப்பூசி அட்டையும் கொடுப்பார்கள். முன்பு என்றால் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்திருப்போம். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். அடுத்த ஊசி எந்தத் தேதி என்று அட்டையில் பாருங்கள். புரியாததைக் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கையெழுத்து ஓர் உயிருக்கு நாம் கொடுக்கும் வாக்கு.