மின்தொகுப்பும் பழுதும்: மாதிரியில் விடுபடுவது என்ன?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், மின்பொறியியல் துறைக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"அரை மணி நேரம் பேசுங்க, ஆனா சமன்பாடு எழுதிடாதீங்க" என்று செயலாளர் அன்போடு எச்சரித்துத்தான் மேடைக்கு அனுப்பியிருக்கிறார். எனவே கரும்பலகைப் பக்கம் போகமாட்டேன். ஒன்றிரண்டு வகுத்தல் கணக்குகளை மட்டும் அனுமதிக்க வேண்டுகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின்கடத்தல் துறையில், ரிலே பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "பவர் சிஸ்டத்துல இனிமே புதுசா என்ன சார் இருக்கு? லைன்ல ஃபால்ட் வந்தா பிரேக்கர் திறக்கும், அவ்வளவுதானே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்றைய என் உரை.

முதலில் பழைய கதை. லைனில் பழுது எப்படி வருகிறது? இடி விழுந்து இன்சுலேட்டர் மேல் பொறி தாவுகிறது. மரக்கிளை சாய்ந்து கம்பியைத் தொடுகிறது. உப்பும் தூசியும் படிந்த இன்சுலேட்டர், பனி இறங்கும் விடியற்காலையில் தாங்காமல் போகிறது. பத்துக்கு ஏழெட்டுப் பழுதுகள் ஒரே ஒரு ஃபேஸ் பூமியைத் தொடுகிற வகைதான். 400 கிலோவோல்ட் லைனில் பழுதைக் கண்டுபிடித்து, பிரேக்கர் திறந்து முடிக்க நமக்குக் கிடைக்கும் அவகாசம் 100 மில்லிநொடி. 50 ஹெர்ட்ஸில் ஐந்து சுழற்சி. கண் இமைத்துத் திறப்பதற்குள் வேலை முடிய வேண்டும்.

இதைச் சாத்தியமாக்கியது எது தெரியுமா? அனல் நிலையத்திலும் நீர்மின் நிலையத்திலும் சுற்றிக் கொண்டிருக்கும் அந்தக் கனமான ஜெனரேட்டர். பழுது வந்ததும் அது வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்து ஆறு மடங்கு கொட்டும். பழுது என்பது ஊரைக் கூட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு வருகிற திருடன் மாதிரி. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நம் ரிலேக்கள் எழுந்து ஓடின. நாம் படித்த பாதுகாப்புப் பாடம் முழுவதும் இந்தச் சத்தத்தை நம்பி எழுதப்பட்டது.

அப்படிப்பட்ட காலத்திலும் ரிலே ஏமாறும். 2012 ஜூலை 30, அதிகாலை 2 மணி 33 நிமிடம். வட இந்தியா இருளில் மூழ்கியது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று மண்டலங்களும் சேர்ந்து விழுந்தன. இரண்டாம் நாள் மட்டும் பாதிக்கப்பட்ட லோடு ஏறக்குறைய 48,000 மெகாவாட். இரண்டு நாளும் தொடங்கிய இடம் ஒன்றுதான். பீனா - குவாலியர் 400 கிலோவோல்ட் லைன். அந்த லைனில் பழுது எதுவும் இல்லை!

பின் ஏன் திறந்தது? தொலைவு ரிலே செய்வது ஒரு வகுத்தல் கணக்கு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்கும். ஈவு சிறியதானால் "பழுது பக்கத்தில்" என்று முடிவு கட்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு ஃபேஸின் அழுத்தம் 231 கிலோவோல்ட், ஓட்டம் 700 ஆம்பியர் என்றால் ஈவு 330 ஓம். கவலையில்லை. லோடு ஏறி ஓட்டம் 2,000 ஆம்பியர் ஆகிறது, அழுத்தமும் 216 கிலோவோல்ட்டாக இறங்குகிறது என்று வையுங்கள். ஈவு 108 ஓம். கிலோமீட்டருக்கு 0.3 ஓம் என்று போட்டால், 360 கிலோமீட்டர் தள்ளிப் பழுது வந்தது போன்ற தோற்றம். அடுத்த லைனுக்கும் சேர்த்துக் காவல் காக்கும் மூன்றாம் மண்டலம் என்ற அமைப்பு இதைப் பழுது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ரிலே கோணத்தையும் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் ரியாக்டிவ் பவர் கூடச் சேர்ந்தால் அந்தக் காப்பும் தளர்ந்துவிடும். பீனாவில் ரிலே தப்புப் பண்ணவில்லை. சொன்னதைச் செய்தது. சொன்னவர்கள், லோடு இவ்வளவு ஏறும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு நாளும் நம் தென்மண்டலம் தப்பியது. காரணம், அப்போது நாம் மற்ற மண்டலங்களோடு மாறுதிசைக் கம்பியால் சேர்ந்திருக்கவில்லை. ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் ஹெச்.வி.டி.சி. லைன், பத்ராவதி, காஜுவாகா கன்வெர்ட்டர் நிலையங்கள் ஆகிய நேர்திசை வழிகளில் மட்டுமே இணைந்திருந்தோம். கிழக்கிலிருந்து வரத்து குறைந்தபோது, அதிர்வெண் ரிலேக்கள் கொஞ்சம் லோடைக் கழற்றின. தென்மண்டலம் நின்றது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நாமும் ஒரே தொகுப்பில் சேர்ந்துவிட்டோம். இப்போது நாடு முழுவதும் ஒரே அதிர்வெண். அவர்கள் வீட்டுத் தலைவலி நம் வீட்டுக்கும் வரும்.

ஹெச்.வி.டி.சி. என்றதும் இன்னொரு வேடிக்கை. மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை தானாகவே பூஜ்யத்தைத் தொடும். அந்தக் கணத்தைப் பிடித்துத்தான் பிரேக்கர் பொறியை அணைக்கிறது. நேர்திசை மின்சாரத்தில் பூஜ்யமே கிடையாது. அப்படியானால் தால்சேர் - கோலார் லைனில் இடி விழுந்தால் யார் அணைப்பது?

கட்டுப்பாடுதான் அணைக்கிறது. அனுப்பும் முனையில் இருக்கும் தைரிஸ்டருக்கு எப்போது துடிப்புக் கொடுக்கிறோம் என்பதே அதன் குடுமி. வழக்கமாக 15 டிகிரி அளவில் தாமதித்துக் கொடுப்பார்கள். பழுது தெரிந்ததும் அதை 90 டிகிரிக்கு மேல் தள்ளிவிடுவார்கள். உடனே அழுத்தம் தலைகீழாகிறது. இதுவரை லைனுக்கு மின்சாரம் ஊட்டிய நிலையம், லைனில் மிச்சமிருக்கும் ஆற்றலை உறிஞ்சி எடுக்கிறது. ஓட்டம் பூஜ்யம். பொறி பறந்த இடத்தில் காற்று ஆறட்டும் என்று ஒரு நொடிக்கும் குறைவாகக் காத்திருந்து, மறுபடி அழுத்தம் ஏற்றுகிறார்கள். ஒரு பிரேக்கரும் திறக்கவில்லை.

ஆனால் இதே தைரிஸ்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. வாங்கும் முனையில் அணைந்த தைரிஸ்டர் ஆசுவாசப்பட சில நூறு மைக்ரோநொடி தேவை. அந்தப் பக்கத்து மாறுதிசைத் தொகுப்பில், எங்கோ தூரத்தில் ஒரு ஃபேஸ் பழுதாகி அழுத்தம் சரிந்தால், அந்த அவகாசம் கிடைக்காமல் போகலாம். அணைய வேண்டியது மறுபடி கடத்தத் தொடங்கிவிடும். கம்யூட்டேஷன் தோல்வி என்று இதற்குப் பெயர். இந்தத் தொல்லை இல்லாத இன்னொரு வகை ஐ.ஜி.பி.டி. கொண்டு செய்வது. நம் கரூர் பக்கத்துப் புகளூரிலேயே இரண்டையும் பார்க்கலாம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 6,000 மெகாவாட்டுக்கு ±800 கிலோவோல்ட்டில் வருவது தைரிஸ்டர் வகை. அங்கிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட்டுக்கு ±320 கிலோவோல்ட்டில் போவது, 2021-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஐ.ஜி.பி.டி. வகை. தம்பிகளே, துறைச் சுற்றுலாவுக்கு வேறு ஊர் தேட வேண்டாம்.

இனி இன்றைய சிக்கலுக்கு வருகிறேன். காற்றாலை, சூரிய மின் நிலையம் எல்லாம் இப்போது இன்வெர்ட்டர் வழியாகத் தொகுப்பில் சேர்கின்றன. பழுது வந்தால் இன்வெர்ட்டர் ஐந்து மடங்கு கொட்டாது. கொட்டினால் அதற்குள் இருக்கும் சில்லு எரிந்துவிடும். ஒன்றே கால், மிஞ்சிப் போனால் ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். திருடன் இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறான். அதுமட்டுமல்ல, பழுது நேரத்தில் ஜெனரேட்டரை இயக்குவது இயற்பியல் விதி. இன்வெர்ட்டரை இயக்குவது யாரோ எழுதிய நிரல். அந்த நிரலில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். இரண்டும் 2016-ல் நடந்தவை.

ஆகஸ்ட் 16, கலிபோர்னியா. காட்டுத் தீயின் புகையால் 500 கிலோவோல்ட் லைன்களில் அடுத்தடுத்துப் பழுதுகள். ரிலேக்கள் ஒழுங்காக வேலை செய்தன. அதில் ஒரு பழுது மூன்று சுழற்சிக்குள் நீங்கியது. ஆனால் ஏறக்குறைய 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் காணாமல் போனது. அங்கே 60 ஹெர்ட்ஸ். பழுது நேரத்தில் அலை சற்றே நெளிந்ததை, பல இன்வெர்ட்டர்கள் "அதிர்வெண் 57-க்குக் கீழே போய்விட்டது" என்று படித்து, அந்தக் கணமே கழன்று கொண்டன. உண்மையில் தொகுப்பின் அதிர்வெண் 59.8-க்குக் கீழே இறங்கவே இல்லை. வேறு சில, அழுத்தம் குறைந்ததும் மின்சாரம் கொடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தின. எந்தச் சூரிய நிலையத்திலும் பழுது கிடையாது.

செப்டம்பர் 28, தென் ஆஸ்திரேலியா. கடும்புயலில் இருபதுக்கும் மேற்பட்ட மின்கோபுரங்கள் சாய்ந்தன. இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை அழுத்தம் சரிந்து எழுந்தது. காற்றாலைகள் முதல் சில சரிவுகளைத் தாங்கின. பிறகு ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. ஏழு நொடிக்குள் 456 மெகாவாட் போயிற்று. அந்தச் சுமை முழுவதும் விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பு லைன் மேல் விழ, அதுவும் திறந்தது. மாநிலம் முழுவதும் இருட்டு. எட்டரை லட்சம் மின் இணைப்புகள்.

காரணம் என்ன தெரியுமா? அந்தக் காற்றாலைகளின் நிரலில் ஓர் எண்ணி இருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை சரிவுக்கு மேல் வந்தால் பின்வாங்கு என்று. இயந்திரத்தைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தோடு வைத்ததுதான். ஆனால் தொகுப்பை இயக்கியவர்களிடம் கொடுத்த கணினி மாதிரியில் அந்த எண்ணி இல்லை. கணினியில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருந்தாலும் காற்றாலைகள் தாங்கியிருக்கும். நிஜத்தில் தாங்கவில்லை.

மாணவச் செல்வங்களே, நான் சொல்ல வந்தது இதுதான். இன்று மென்பொருள் உங்கள் மடிக்கணினியிலேயே வந்துவிட்டது. படம் வரைந்து பொத்தானை அழுத்தினால் அழகான வளைவு கிடைக்கிறது. அந்த வளைவைப் பார்த்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த மாதிரி எதை விட்டுவிட்டது?"

சாதாரண நிலைத்தன்மை ஆய்வில், அலையை ஒரு ஃபேசராகச் சுருக்கிவிடுகிறோம். பெரிய தொகுப்பை வேகமாகப் பார்க்க அது போதும். ஆனால் கலிபோர்னியாவில் நெளிந்தது அலையின் வடிவம். ஃபேசரில் அது தெரியவே தெரியாது. அலையை அலையாகவே பார்க்க வேண்டுமென்றால், ஹெர்மன் டாம்மல் 1969-ல் வகுத்துத் தந்த முறைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தூண்டல் சுருளையும் மின்தேக்கியையும், ஒரு மின்தடையும் பழைய கணத்தின் நினைவும் சேர்ந்ததாக மாற்றி, 50 மைக்ரோநொடி போன்ற சிறு அடிகளாக எடுத்து வைத்துக் கணக்கிடுவது. மெதுவானதுதான். ஆனால் இன்வெர்ட்டரின் உண்மையான நிரலை அதற்குள் வைத்துப் பார்க்கலாம். வைக்காவிட்டால் அந்த முறையும் காப்பாற்றாது. ஆஸ்திரேலியாவில் விடுபட்டது அலை அல்ல, ஓர் எண்ணி!

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், புகளூரில் இரண்டு வகைக் கன்வெர்ட்டர். எல்லாம் ஒரே மாநிலத்தில், ஒரே கம்பியில். ஒரு லைனில் பழுது வந்தால் இவை ஒவ்வொன்றும் தன் தன் நிரல்படி ஏதோ செய்யும். எல்லாம் சேர்ந்து என்ன செய்யும் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மின்சாரமும் தெரிய வேண்டும், நிரலும் தெரிய வேண்டும். "புதுசா என்ன இருக்கு" என்று கேட்டீர்களே, இதோ உங்கள் வேலை காத்திருக்கிறது.

என் வயதொத்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு மின்விசிறியும் நாற்காலியும் வாங்கித் தருகிறோம், நல்லது. அதோடு, பணியில் இருப்பவர்கள் உரிய அனுமதி பெற்று, உண்மையான பழுதுப் பதிவுகளை நம் ஆய்வகத்துக்குத் தாருங்கள். ஒரு நொடிக்கும் குறைவான அந்தப் பதிவில், பாடப்புத்தகத்தில் இல்லாதது நிறைய இருக்கும். மாணவர்கள் தங்கள் மாதிரியை ஓட்டி, அந்தப் பதிவின் மேல் வைத்துப் பார்க்கட்டும். எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கேதான் பாடம் தொடங்குகிறது. கழற்றிப் போட்ட பழைய ரிலே ஒன்று கிடைத்தாலும் கொண்டு வாருங்கள். அதற்குள் அந்தப் பதிவைச் செலுத்தி, "நீயாக இருந்தால் திறந்திருப்பாயா?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

பேராசிரியர்களுக்கு நான் சொல்ல அருகதை இல்லை. ஆனாலும் ஒரு சிறு விண்ணப்பம். இறுதியாண்டுத் திட்டப்பணி அறிக்கையில் "இந்த மாதிரியில் சேர்க்காதவை" என்று ஒரு பக்கம் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். மற்ற நூறு பக்கங்களையும் எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.