எனக்குப் பிரசர் இல்லையே: கண் அழுத்தத்தோடு வாழ்தல்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கொண்டாட்ட மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். “வருபவர்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். தாராளமாகப் பேசுங்கள் அக்கா” என்றார். நான் வைத்தியர் அல்ல. 31 வருஷம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். 9 வருஷமாகக் குளோக்கோமா நோயாளி. அந்த இரண்டு தகுதியோடுதான் பேசுகிறேன்.

கண்ணில் அழுத்தம் என்று சொன்னதும் நம்மவர்கள் சொல்லும் முதல் பதில், “எனக்குப் பிரசர் இல்லையே!” நாம் பிரசர் என்பது இரத்த அழுத்தம். இது வேறு. கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டிருக்கிறது. தோட்டத்துப் பீலியை நினைத்துக்கொள்ளுங்கள். பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்போது கான் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கண்ணிலும் அப்படித்தான். வடிகால் மந்தமானால் உள்ளே அழுத்தம் கூடும். பின்புறம் மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வழக்கமான அளவு 10 முதல் 21 மில்லிமீற்றர் பாதரசம் என்பார்கள். ஆனால் 21க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. ஆகவே அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. நரம்பையும் பார்வைப் பரப்பையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

இதில் பொல்லாத விஷயம், பெரும்பாலானவர்களுக்கு வலியே இல்லை. முதலில் ஓரப் பார்வைதான் போகும். ஒரு கண் தவறவிடுவதை மற்றக் கண் ஈடுசெய்துவிடும். வெண்புரை என்றால் சத்திரசிகிச்சை செய்து வில்லை வைத்துப் பார்வையை மீட்கலாம். குளோக்கோமாவில் போனது போனதுதான். நம் நாட்டில் 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தான இயக்கத்தால் உலகெங்கும் எத்தனையோ பேர் பார்வை பெற்றார்கள். அதனால் யாராவது கண் தந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தானமாகக் கிடைப்பது கண்ணின் முன்னால் உள்ள கருவிழிப் படலம். பார்வை நரம்பை மாற்றிவைக்க இன்றுவரை வழியில்லை.

இன்னொரு வகை, வடிகால் கோணம் திடீரென மூடிக்கொள்வது. ஆசியர்களிடமும் பெண்களிடமும் இது கூடுதல். நமது கண்டி மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சோதித்த ‘கண்டி கண் ஆய்வு’ இந்தக் கோண மூடலையும் ஆராய்ந்தது. முடிவு 2009இல் வெளியானது. கடும் கண்வலி, தலையிடி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண் சிவத்தல் இவை சேர்ந்து வந்தால் பித்தம், ஒற்றைத் தலைவலி என்று தைலம் பூசிக்கொண்டு படுக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனி அளப்பதைப் பற்றிச் சொல்கிறேன். கண்ணிமையை விரலால் அமுக்கிப் பார்த்து அழுத்தம் சொல்ல நம்மால் முடியாது. கிளினிக்கில் கண்ணை மரக்கச்செய்து, நீல ஒளியில் கோல்ட்மான் கருவியால் அளக்கிறார்கள். அது நம்பகமான முறை. ஆனால் அது அந்த ஒரு நிமிடத்தின் அளவு. அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கும், பலருக்கு இரவிலும் விடியற்காலையிலும் கூடும், படுத்தாலும் கூடும். தெல்தோட்டையிலிருந்து கலஹா, பேராதனை வழியாக பஸ்ஸில் கண்டிக்குப் போய், வரிசையில் இருந்து, நம் முறை வரும்போது பத்து, பதினொரு மணி. என் அளவு எப்போதும் 16, 17. நல்ல இலக்கம். ஆனால் வருஷா வருஷம் பார்வைப் பரப்புச் சோதனையில் இடது கண்ணின் கீழ்ப்பகுதி குறைந்துகொண்டே போனது.

மகளோடு ரொறன்ரோவில் இருந்த சமயம் அங்குள்ள கண் வைத்தியர் ஒரு வாரத்துக்கு வீட்டு அளவி ஒன்றை இரவல் தந்தார். ஐகேர் ஹோம் என்ற பின்லாந்துக் கருவி; 2017இல் அமெரிக்கா வீட்டுப் பாவனைக்கு அனுமதித்தது. நெற்றியிலும் கன்னத்திலும் தாங்கிப் பிடித்து, பொத்தானை அமுக்கினால் ஊசித்தலை அளவு முனை கருவிழியை மெல்லத் தொட்டுத் திரும்பும். திரும்பும் விதத்தை வைத்துக் கருவி அழுத்தத்தைக் கணிக்கும். மரக்கும் மருந்து தேவையில்லை. முனை ஒருமுறைப் பாவனைக்கு மட்டும். நாளுக்கு நான்கு தடவை எடுத்தேன். பகலில் அதே 16, 17. விடியற்காலை 5 மணிக்கு 23, 24!

அந்தத் தாளைக் கண்டிக்குக் கொண்டுவந்து என் வைத்தியரிடம் கொடுத்தேன். அவர் இரண்டாவது சொட்டு மருந்தைச் சேர்த்தார். அதற்குப் பிறகு செய்த இரண்டு பரப்புச் சோதனையிலும் மேலும் குறையவில்லை. போன பகுதி வரவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியை விடுவதில்லை. சுவீடனில் 1990களில் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், அழுத்தம் ஒவ்வோர் அலகு குறையும்போதும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது. ஆகவே 24க்கும் 17க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

அந்தக் கருவி நம் பணத்தில் பல இலட்சம். எல்லாரும் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. வெளிநாட்டிலிருப்பவர்கள் இரவலாகவோ வாடகைக்கோ கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தாலும், இலக்கத்தைப் பார்த்து நீங்களாகவே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இங்கே இருப்பவர்களுக்கு 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு கிளினிக்கிலும் இரண்டு கண்ணின் இலக்கத்தையும் கேட்டு, திகதி, நேரம், கடைசியாகச் சொட்டு விட்ட நேரம் எல்லாம் எழுதுங்கள். எப்போதும் ஒரே நேரத்திலேயே அளக்கப்படுகிறது என்று கொப்பி காட்டினால், வேறு நேரத்திலும் அளக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

சொட்டு மருந்து பற்றியும் சில வார்த்தைகள். ஒரு சொட்டுப் போதும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்மூலையை இரண்டு நிமிடம் அமர்த்திப் பிடியுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டு மருந்தென்றால் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். டிமோலோல் என்ற மருந்து மூச்சை இறுக்கிவிடும். கண் சிவந்ததென்று பாமசியில் தாங்களாகவே ஸ்டீரொயிட் சொட்டு வாங்கிப் போடுவது அழுத்தத்தை ஏற்றும். யோகா செய்கிறவர்கள் சிரசாசனத்தை விடுங்கள். சென்னையில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், அந்த நிலையில் கண் அழுத்தம் இரண்டு மடங்கானது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இந்த நோய் குடும்பத்தில் ஓடும். உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. எனக்கென்று தெரிந்தபின் என் தம்பி, தங்கச்சி இருவரையும் சோதிக்க வைத்தேன். தங்கச்சிக்கு இருந்தது. ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் ஒரு சொட்டு மருந்தோடு இன்றைக்கும் தையல் ஊசியில் தானே நூல் கோர்க்கிறாள்.

இந்த மலரை லண்டனிலோ, சென்னையிலோ, தோஹாவிலோ இருந்து வாசிக்கும் சகோதரிகளே, நாற்பதைத் தாண்டியிருந்தால் கண்ணாடிக்காகப் போகும்போதே “அழுத்தத்தையும் நரம்பையும் பாருங்கள்” என்று கேளுங்கள். உங்களுக்கு இருக்கிறதென்று தெரிந்தால் அன்றைக்கே ஊருக்கு அழைத்து அக்கா, தங்கை, அண்ணன், தம்பிமாரிடம் சொல்லுங்கள். கொப்பி எழுதுவது எப்படி என்று கேட்பவர்களுக்குக் காட்ட, என் கொப்பியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வாருங்கள்.